ஃப்ரீ குறைந்தால் பயப்பட வேண்டுமா? லினக்ஸ் மெமரி கணக்கு பற்றிக் கேள்வி பதில்

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் காட்டும் மெமரி எண்களைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன். அந்த எண்களை வரிவரியாகக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பை முழுதாக அனுப்பியவர்களுக்கு நன்றி. ஒரே ஒரு வரியை வெட்டி அனுப்பினால் ஊகமாகத்தான் பதில் சொல்ல முடியும்.

கேள்வி: 16 ஜிபி ரேம் உள்ள சர்வர். காலையில் ஃப்ரீ (எதற்கும் பயன்படாமல் இருக்கும் ரேம்) 9 ஜிபி இருந்தது, இரவு பேக்கப் ஓடி முடிந்ததும் 300 எம்பிக்கு வந்துவிட்டது. எந்த ப்ராசஸும் (ஓடும் நிரலும்) பெரிதாக வளரவில்லை. மெமரி எங்கே கசிகிறது?

பதில்: கசிவே இல்லை. மெமரியை கெர்னல் பக்கம் என்ற சிறு துண்டுகளாகக் கையாள்கிறது. பேக்கப் படித்த கோப்புகளின் பக்கங்களை அது பேஜ் கேஷில், அதாவது படித்த கோப்புகளை ரேமில் வைத்திருக்கும் இடத்தில், வைத்திருக்கிறது. யாரும் கேட்காத ரேமைச் சும்மா போடுவதை விட, நாளை யாராவது படிக்கக்கூடிய கோப்பை அதில் வைத்திருப்பது மேல். வேறு ப்ராசஸ் இடம் கேட்டால், மாற்றம் ஏதும் இல்லாத கேஷ் பக்கங்களை அந்த நொடியே விட்டுக்கொடுத்துவிடும்.

நீங்கள் பார்க்க வேண்டியது மெம்அவைலபிள். 2014-ல் வந்த 3.14 கெர்னலிலிருந்து அந்த வரி இருக்கிறது. அதற்கு முன்பு ஆளாளுக்கு ஃப்ரீயையும் பஃபர்ஸையும் கேஷ்டையும் கூட்டி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது தப்பான கணக்கு, ஏனென்றால் டிஎம்பிஎஃப்எஸ் (வட்டில் இல்லாமல் மெமரியிலேயே இருக்கும் கோப்பு முறைமை) கோப்புகளும், பல ப்ராசஸ்கள் சேர்ந்து பயன்படுத்தும் பகிர்வு நினைவகமும் கேஷ்டுக்குள்தான் எண்ணப்படுகின்றன. அவற்றை அப்படியே தூக்கி எறிய முடியாது, ஸ்வாப்புக்கு (ரேமிலிருந்து வெளியேற்றும் பக்கங்களை வைக்கும் இடம், பெரும்பாலும் வட்டில்) மட்டுமே அனுப்பலாம். எவ்வளவு என்று ஷ்மெம் வரி சொல்லும். மெம்அவைலபிள் இதையெல்லாம் பார்த்துக் கணக்கிடுகிறது. ஃப்ரீயிலிருந்து கெர்னல் தனக்கென்று ஒதுக்கியதைக் கழித்து, கோப்புக் கேஷில் பெரும்பகுதியையும் திரும்பப் பெறக்கூடிய ஸ்லாபில் (கெர்னல் தன் சொந்தத் தரவுகளை வைக்கும் இடம்) பெரும்பகுதியையும் சேர்க்கிறது. ஸ்வாப்பைத் தொடாமல் புதிய நிரல்களுக்கு எவ்வளவு தரலாம் என்பதன் மதிப்பீடு அது.

இன்னொன்று. இதைப் படித்ததும் சிலர் கேஷைக் காலி செய்ய வைக்கும் ட்ராப் கேஷஸ் கோப்பில் 3 என்று எழுதி "மெமரியைச் சுத்தம்" செய்யப் போவார்கள். தயவு செய்து வேண்டாம். அது சோதனைக்காக வைத்த வசதி. கேஷைக் காலி செய்தால் அடுத்த நிமிடம் அதே கோப்புகளை வட்டிலிருந்து மறுபடி படிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: 8 ஜிபி லேப்டாப். ஃப்ரீ 150 எம்பிதான் காட்டுகிறது. ரேம் கூட்ட வேண்டுமா?

பதில்: மேலே உள்ள பதிலைப் படித்துவிட்டு அவைலபிள் எவ்வளவு என்று பாருங்கள். தாராளமாக இருந்தால் வேண்டாம்.

கேள்வி: மெம்இன்ஃபோவில் உள்ள எல்லா வரிகளையும் கூட்டினால் மெம்டோட்டலை விட அதிகமாக வருகிறது. தேர்ந்தெடுத்துக் கூட்டினால் 5 ஜிபி குறைகிறது. சரியான கூட்டல் எது?

பதில்: இன்று வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. அந்தக் கோப்பு வரவு செலவுக் கணக்கு போல இருந்தாலும் அப்படி எழுதப்பட்டதல்ல. ஒரே பக்கத்தைப் பல வரிகள் பல கோணங்களில் எண்ணுகின்றன. ஆக்டிவ், இன்ஆக்டிவ் இரண்டும் ஒரு கோணம். அனான்பேஜஸ் (எந்தக் கோப்பையும் சாராத, நிரல்களின் சொந்தப் பக்கங்கள்), கேஷ்ட் இன்னொரு கோணம். மேப்ட் என்பது கேஷ்டின் ஒரு பகுதி. ஷ்மெம்மும் அப்படியே. எல்லாவற்றையும் கூட்டினால் ஒரே பக்கம் இரண்டு மூன்று முறை வரும்.

நான் கூட்டும் விதம் இது: மெம்ஃப்ரீ, பஃபர்ஸ், கேஷ்ட், ஸ்வாப்கேஷ்ட், அனான்பேஜஸ், ஸ்லாப், பேஜ்டேபிள்ஸ், கெர்னல்ஸ்டாக், பெர்சிபியு, ஹியூஜ்டிஎல்பி (ஒதுக்கி வைத்த பெரிய பக்கங்கள்). இவற்றோடு விமல்லாக்யூஸ்டையும் கவனிக்கலாம், ஆனால் கெர்னல்ஸ்டாக் பெரும்பாலும் அதற்குள்ளும் அடங்குவதால் இரட்டிப்பாகாமல் பார்க்க வேண்டும். 4.4 முதல் 5.3-க்கு முன்பு வரையான கெர்னல்களில் அந்த வரி சும்மா பூஜ்யம் காட்டும், அதை நம்பிவிடாதீர்கள்.

இதற்குப் பிறகும் குறைவது எங்கே போனது? டிரைவர்கள் நேரடியாகப் பக்கங்களாக வாங்கிக்கொள்வது பெரும்பாலும் எந்த வரியிலும் வராது. கிராபிக்ஸ் டிரைவர், நெட்வொர்க் டிரைவர் இரண்டையும் முதலில் சந்தேகப்படலாம். மெய்நிகர் இயந்திரமாக இருந்தால் பலூன் டிரைவர் பக்கங்களை வாங்கி ஹோஸ்டுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை பயன்படுத்துகிறீர்களா? அதன் சொந்தக் கேஷான ஏஆர்சி, கேஷ்ட் வரியில் வராது, மெம்அவைலபிளிலும் சேராது. பாதி ரேமைக் காணோம் என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

நீங்கள் அனுப்பிய வெளியீட்டில் ஹியூஜ்பேஜஸ் டோட்டல் 2560, ஒவ்வொன்றும் 2 எம்பி. அதுவே சரியாக 5 ஜிபி. டேட்டாபேஸுக்காக யாரோ ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஹியூஜ்பேஜஸ் ஃப்ரீயும் 2560 என்பதால் டேட்டாபேஸ் அதைத் தொடவே இல்லை. ஒதுக்கிய நொடியிலிருந்து அது வேறு யாருக்கும் கிடையாது, காலியாக இருந்தாலும் கூட. டேட்டாபேஸ் அமைப்பைச் சரிசெய்யுங்கள், இல்லை ஒதுக்கீட்டை விடுவியுங்கள்.

கேள்வி: 16 ஜிபி போட்டிருக்கிறேன், மெம்டோட்டல் 16-க்குக் கீழே காட்டுகிறது. ரேம் பழுதா?

பதில்: பழுதில்லை. ஃபர்ம்வேர் ஒதுக்கியது, கெர்னலின் சொந்தக் குறிமுறை, உள் கிராபிக்ஸ் இருந்தால் அதன் பங்கு எல்லாம் முதலிலேயே கழிந்துவிடும். ஒவ்வொரு 4096 பைட் பக்கத்துக்கும் வழக்கமாக 64 பைட்டில் ஒரு குறிப்பை கெர்னல் வைத்துக்கொள்கிறது. 16 ஜிபிக்கு அதுவே 256 எம்பி.

கேள்வி: ஐயா, ஃப்ரீ கட்டளையில் யூஸ்ட் எண் ஒரு சர்வரில் ஒன்றும், அதே சுமை உள்ள புதிய சர்வரில் வேறொன்றுமாக வருகிறது.

பதில்: ஃப்ரீ கட்டளை அடங்கிய ப்ராக்பிஎஸ் தொகுப்பின் பதிப்பைப் பாருங்கள். முன்பு டோட்டலிலிருந்து ஃப்ரீ, பஃபர், கேஷ் மூன்றையும் கழித்தார்கள். 4-ம் வரிசைப் பதிப்பில் டோட்டலிலிருந்து அவைலபிளைக் கழிக்கிறார்கள். சுமை மாறவில்லை, கழித்தல்தான் மாறியிருக்கிறது.

கேள்வி: போஸ்ட்கிரேஸ்கியூஎல் டேட்டாபேஸ் சர்வரில் 500 ப்ராசஸ்கள். டாப் கட்டளையில் ஒவ்வொன்றின் ஆர்இஎஸ் (ரேமில் இருக்கும் அளவு) எண்ணையும் கூட்டினால் ரேமைப் போலப் பல மடங்கு வருகிறது. ஆனாலும் உண்மையாகவே மெமரி போதவில்லை.

பதில்: இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒரு பகிர்வுப் பக்கத்தை 500 ப்ராசஸ்கள் தொட்டிருந்தால் ஆர்இஎஸ் அதை 500 முறை எண்ணும். எனவே அந்தக் கூட்டலுக்குப் பொருளே இல்லை. ஒவ்வொரு ப்ராசஸின் எஸ்மேப்ஸ் ரோலப் கோப்பிலும் பிஎஸ்எஸ் என்ற எண் இருக்கும். பகிர்ந்த பக்கத்தை எத்தனை பேர் வைத்திருக்கிறார்களோ அத்தனையால் வகுத்த பங்கு அது. அதைக் கூட்டலாம். 4.14 கெர்னலிலிருந்து உண்டு.

உண்மையான பற்றாக்குறைக்கு என் சந்தேகம் பேஜ்டேபிள்ஸ் (எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்ற முகவரி அட்டவணை) வரி மேல். நீங்கள் சொன்னபடி பகிர்வு பஃபர் 16 ஜிபி. 4 கேபி பக்கங்களாக அது சுமார் 42 லட்சம் பக்கம், ஒவ்வொன்றுக்கும் 8 பைட் பதிவு, ஆக ஒரு ப்ராசஸுக்கு 32 எம்பி. பஃபர் முழுவதையும் தொட்ட 500 ப்ராசஸ்கள் என்றால் முகவரி அட்டவணைக்கு மட்டுமே கிட்டத்தட்ட 16 ஜிபி! இது எந்த ப்ராசஸின் ஆர்இஎஸ்ஸிலும் தெரியாது. 2 எம்பி ஹியூஜ் பேஜுக்கு மாறினால் அதே வேலைக்கு ஒரு ப்ராசஸுக்கு 64 கேபி அளவில் போதும். அதோடு இணைப்புகளின் எண்ணிக்கையையும் ஒரு பூலர் (சில இணைப்புகளையே பலருக்கும் பகிர்ந்து தரும் நிரல்) வைத்துக் குறையுங்கள்.

கேள்வி: என் நிரலின் விஐஆர்டி 20 ஜிபி காட்டுகிறது, ரேமே 8 ஜிபிதான்.

பதில்: அது முகவரி வெளி, மெமரி அல்ல. ஜிலிப்சி (சி மொழியின் அடிப்படை நூலகம்) 64 பிட்டில் நூலிழைகளுக்கான அரீனா (மெமரி ஒதுக்கும் பகுதி) ஒவ்வொன்றுக்கும் 64 எம்பி முகவரியை முன்பதிவு செய்யும். தொடாத வரை ரேம் செலவாகாது. ஆர்இஎஸ் பாருங்கள்.

கேள்வி: ஃப்ரீ எப்போதும் குறைவாக இருப்பதால் மணிக்கொரு முறை ட்ராப் கேஷஸ் ஓடும்படி க்ரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் வசதி) போட்டிருக்கிறோம். இதில் என்ன தப்பு?

பதில்: எடுத்துவிடுங்கள். உங்கள் மெம்இன்ஃபோவில் அவைலபிள் 70 சதவீதம். இல்லாத நோய்க்கு மணிக்கொரு முறை மருந்து போகிறது, அதனால் டேட்டாபேஸ் ஒவ்வொரு மணியும் தொடங்கும்போது திணறுகிறது. உங்கள் வரைபடத்திலேயே அந்த மேடுகள் தெரிகின்றன. இப்படி யாராவது எழுதினால் கெர்னல் பதிவில் ப்ராசஸ் பெயரோடு ஒரு வரி விழும். அந்தப் பதிவைக் காட்டும் டிமெசெக் கட்டளையில் தேடினால் யார் வேலை என்று தெரிந்துவிடும்.

கேள்வி: அவைலபிள் 10 ஜிபி இருந்தும் ஸ்வாப் 1.5 ஜிபி பயன்பாட்டில் இருக்கிறது. ஸ்வாப்பை நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம். எப்போதோ ஒரு நெருக்கடியில் வெளியே போன பக்கங்களை அதன் பிறகு யாரும் தொடவில்லை, அதனால் அங்கேயே கிடக்கின்றன. விஎம்ஸ்டாட் கட்டளையில் எஸ்ஐ, எஸ்ஓ (ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவது, ஸ்வாப்புக்கு வெளியே போவது) இரண்டும் பூஜ்யமாக இருந்தால் ஸ்வாப்பில் எவ்வளவு இருந்தாலும் கவலை இல்லை.

கேள்வி: இதை நான் ஏற்கவில்லை. பல வருடங்களாக எல்லா சர்வரிலும் ஸ்வாப்பே இல்லாமல் ஓட்டுகிறேன். 64 ஜிபி ரேம் இருக்கும்போது மெதுவான வட்டு எதற்கு? ஸ்வாப் இருந்தால் இயந்திரம் இழுத்துக்கொண்டே கிடக்கும், இல்லாவிட்டால் ஓஓஎம் கில்லர் (மெமரி தீர்ந்தால் ஒரு ப்ராசஸைக் கொல்லும் கெர்னல் பகுதி) சட்டென்று ஒன்றைக் கொன்று முடித்துவிடும்.

பதில்: பாதி சரி, அந்தப் பாதியைப் பின்னால் சொல்கிறேன். முதலில் மற்ற பாதி.

ஸ்வாப் இல்லாவிட்டால் அனானிமஸ் பக்கங்களை, அதாவது ஹீப், ஸ்டாக் போன்றவற்றை, கெர்னலால் எங்கேயும் அனுப்ப முடியாது. ஒரு வாரமாகத் தொடாத பக்கமும் ரேமிலேயே உட்கார்ந்திருக்கும். நெருக்கடி வந்தால் விட்டுக்கொடுக்க மிஞ்சுவது கோப்புப் பக்கங்கள் மட்டும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் குறிமுறையும் அதே கோப்புப் பக்கங்கள்தான். அதைத் தூக்கி எறிவது, அடுத்த கணம் தேவைப்பட்டதும் வட்டிலிருந்து மறுபடி படிப்பது என்று சுழல ஆரம்பிக்கும். வட்டுக்குப் போகும் வேலை நிற்கவில்லை, வேறு பெயரில் நடக்கிறது. ஸ்வாப் இல்லாத இயந்திரமும் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) மூலம் கூட நுழைய முடியாமல் உறைந்து நிற்பது இதனால்தான்.

கேள்வி: (அதே நண்பர்) அப்படி உறைந்தால் எஸ்ஐ, எஸ்ஓ பூஜ்யமாக இருக்குமே. எப்படி நிரூபிப்பீர்கள்?

பதில்: நல்ல கேள்வி. ப்ராக் அடைவில் உள்ள விஎம்ஸ்டாட் கோப்பில் பிஜிமேஜ்ஃபால்ட் (வட்டிலிருந்து படிக்க வேண்டிவந்த தடவைகள்), வொர்க்கிங்செட் ரீஃபால்ட் ஃபைல் என்ற இரண்டு எண்ணிகள் இருக்கின்றன. சமீபத்தில் வெளியே தள்ளிய பக்கம் மறுபடி உள்ளே வந்தால் இரண்டாவது எண்ணி ஏறும். பத்து நொடி இடைவெளியில் இரு முறை எடுத்து வித்தியாசம் பாருங்கள். உறையும் நேரத்தில் அது பாய்ந்து ஏறுவதைக் காண்பீர்கள்.

கேள்வி: (இன்னொருவர்) இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஸ்வாப்பினஸை 0 ஆக வைத்தால் இருவருக்கும் சமாதானம் ஆகுமே?

பதில்: ஆகாது. 0 என்றால் ஸ்வாப் இல்லை என்று பொருள் அல்ல, கடைசி வரை தள்ளிப்போடும், அவ்வளவுதான். அனானிமஸ் பக்கத்தையும் கோப்புப் பக்கத்தையும் மீட்கும் செலவை ஒப்பிடும் எடை அந்த எண். இயல்பு 60. 5.8 கெர்னலிலிருந்து 200 வரை வைக்கலாம், இசட்ரேம் போல ஸ்வாப்பே ரேமுக்குள் சுருக்கி வைக்கப்படும் இடங்களில் அந்த உயர்ந்த எண்கள் பயன்படும்.

இனி நண்பர் சொன்ன சரியான பாதி. வட்டில் பெரிய ஸ்வாப் இருக்கும்போது, கட்டுப்பாடில்லாமல் வளரும் ஒரு நிரல் நீண்ட நேரம் எல்லாரையும் இழுத்தடிக்கும். கெர்னலின் ஓஓஎம் கில்லர் மிகத் தாமதமாகத்தான் எழும், ஏனென்றால் பக்கங்கள் கொஞ்சமாவது மீட்கப்படும் வரை கெர்னலுக்கு அது வெற்றியாகவே படும். அதற்கு மருந்து ஸ்வாப்பை நிறுத்துவதல்ல. ஸ்வாப்பைச் சிறியதாக வையுங்கள், முக்கியமான சேவைக்கு சிகுரூப்பில் (ப்ராசஸ் குழுக்களுக்கு வரம்பு வைக்கும் கெர்னல் வசதி) மெமரி ஸ்வாப் மேக்ஸ் வரம்பு போடுங்கள், சிஸ்டம்டி ஓஓஎம்டி போன்ற ஒன்றை நெருக்கடி பார்த்து முன்கூட்டியே செயல்பட விடுங்கள்.

கேள்வி: (முதல் நண்பர்) இசட்ரேமோடு சோதித்துப் பார்க்கிறேன். வட்டு ஸ்வாப் மட்டும் இப்போதும் மனதுக்கு ஒப்பவில்லை.

பதில்: இசட்ரேமே போதும். அந்த ரீஃபால்ட் எண்களை எடுத்து வந்தால் மேலே பேசலாம்.

கேள்வி: கன்டெய்னருக்குள் ஃப்ரீ கட்டளை 128 ஜிபி காட்டுகிறது. எனக்கு 2 ஜிபிதான் வரம்பு. அவைலபிள் நிறைய இருந்தும் ப்ராசஸ் கொல்லப்படுகிறது.

பதில்: மெம்இன்ஃபோ ஹோஸ்டுடையது, கன்டெய்னரின் வரம்பு அதற்குத் தெரியாது. சிகுரூப் இரண்டாம் பதிப்பில் மெமரி கரண்ட், மெமரி மேக்ஸ், மெமரி ஸ்டாட் கோப்புகளைப் பாருங்கள். கரண்ட் எண்ணில் கோப்புக் கேஷும் சேரும், அதனால் அது வரம்பை ஒட்டி நிற்பது மட்டுமே ஆபத்தின் அடையாளம் அல்ல. ஸ்டாட்டில் அனான் எவ்வளவு என்று பாருங்கள். டிமெசெக்கில் "மெமரி சிகுரூப்" என்று தொடங்கும் ஓஓஎம் வரி இருந்தால் உங்கள் 2 ஜிபி வரம்புதான் காரணம்.

கேள்வி: ஜாவா ஹீப் அளவை எப்படி நிர்ணயிப்பது?

பதில்: ஜேவிஎம் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: விண்டோஸில் கமிட் சார்ஜ்...

பதில்: என் துறை இல்லை.

கேள்வி: சார், ஃப்ரீ 90 எம்பிதான் இருக்கிறது, அவசரம்.

பதில்: முதல் பதில். அவைலபிள் எண் இல்லாமல் இனி இந்தக் கேள்விக்குப் பதில் தரமாட்டேன்.

கேள்வி: அப்படியென்றால் எச்சரிக்கை மணியை எந்த எண்ணில் வைப்பது? எங்கள் கருவி "யூஸ்ட் 90 சதவீதம்" என்று தினமும் எழுப்புகிறது.

பதில்: அதை நிறுத்துங்கள். தினமும் பொய்யாக எழுப்பும் மணியை ஆட்கள் ஒரு கட்டத்தில் கவனிக்கவே மாட்டார்கள், உண்மையான நெருக்கடி அன்றும் கூட. ப்ராக் அடைவில் பிரஷர் என்ற உள் அடைவும் அதில் மெமரி என்ற கோப்பும் இருக்கும், 2018 இறுதியில் வந்த 4.20 கெர்னலிலிருந்து. சம் (some) என்ற வரி, மெமரிக்காகக் குறைந்தது ஒரு வேலையாவது காத்து நின்ற நேரத்தின் சதவீதம். ஃபுல் என்ற வரி, ஓட வேண்டியிருந்த எல்லா வேலைகளும் ஒரே நேரத்தில் நின்ற சதவீதம். 10 நொடி, 60 நொடி, 300 நொடி சராசரிகள் கிடைக்கும். பைட்டுகளைச் சொல்லும் எண்கள் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்றுதான் சொல்லும், இது யாருக்காவது வலிக்கிறதா என்று சொல்லும். ஃபுல் வரியின் 60 நொடி சராசரி பூஜ்யத்தை விட்டு நகர்ந்து அங்கேயே நின்றால் எழுப்பச் சொல்லுங்கள். கூடவே அவைலபிள் 5 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒரு மென்மையான எச்சரிக்கை போதும்.

கேள்வி: (அவரே) அந்த அடைவே எங்கள் சர்வரில் இல்லை. கெர்னல் 5.4.

பதில்: சில விநியோகங்கள் அந்த வசதியைச் சேர்த்தே தொகுத்தாலும் இயல்பாக அணைத்து வைக்கின்றன. துவக்க வரியில் பிஎஸ்ஐ=1 என்பதைச் சிறிய எழுத்தில் சேர்த்து மறுதுவக்கம் செய்யுங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால் அந்தக் கெர்னல் தொகுப்பிலேயே அது இல்லை. விஎம்ஸ்டாட் எண்ணிகளை வைத்து ஓட்டுங்கள்.