கனடா பாஸ்போட்டோட கிளிநொச்சியில வந்து நிக்கிறாக்கள் விசா நீட்டுறதெண்டா என்ன, ஏன்?

நிக்கத் தந்த நாள் முடியமுதல் இன்னும் கொஞ்ச நாள் நிக்க அனுமதி கேக்கிறதுதான். "பரந்தனில பிறந்த எனக்கேன் விசா" எண்டு கனபேர் கோவிக்கினம், நியாயமான கோவம்தான், ஆனா 1948ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி வேற நாட்டுக் குடியுரிமை எடுத்தா இலங்கைக் குடியுரிமை போயிடும், இரட்டைக் குடியுரிமை எடுக்காட்டி நீங்களும் வெளிநாட்டுக்காரர்தான். குளத்துக்குக் கீழ வயல் குத்தகைக்கு எடுக்கிற மாதிரி யோசியுங்கோ, தவணை முடியமுதல் போய்க் கதைச்சா நீட்டலாம், முடிஞ்சாப்பிறகு வயலுக்க நிண்டா பிழை உங்கட பக்கம்தான். விசா நீட்டித் தாற குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் இருக்கிற பத்தரமுல்லைக்கு பஸ் ஏறமுதல் ஒன்லைனில விண்ணப்பம் போடலாமோ எண்டு பாருங்கோ. திகதிய பிளேன் ரிக்கெட்டில பாக்காதேங்கோ, விசாவில பாருங்கோ. பாஸ்போட் இன்னும் அஞ்சு வருசம் செல்லும் எண்டதால விசாவும் செல்லும் எண்டில்ல, அது ரெண்டும் வேற வேற.