ஒட்டுக்கன்றும் ஒளிரும் புரதமும்: கேள்வி பதில்

பாக்டீரியாவுக்குள் இருக்கும் மூலக்கூறுகளை ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்ப்பது பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகள். பதில் சொல்பவர் போச்சம்பள்ளியில் வளர்ந்த ஆய்வாளர்.

பாலக்கோடு, கல்லூரி மாணவி: அக்கா, ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் நீளமே 2 மைக்ரோமீட்டர்தான். அதற்குள் ஒரு புரதம் எங்கே இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வியையே கேட்டிருக்கிறாய், அம்மா. ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதிக்கும் குறைவான இடைவெளியைச் சாதாரண நுண்ணோக்கியால் பிரித்துக் காட்ட முடியாது என்று எர்ன்ஸ்ட் அபே 1873-லேயே சொல்லிவிட்டார். பச்சை ஒளிக்கு அது 200 முதல் 250 நானோமீட்டர். ஈ.கோலையின் அகலத்தில் நான்கு புள்ளி வைத்தால் இடம் தீர்ந்துவிடும்.

தொப்பூர் கணவாயில் இரவில் வரிசையாக ஏறும் லாரிகள் தொலைவிலிருந்து ஒரே வெளிச்சக் கோடாகத் தெரியும். ஒவ்வொரு லாரியும் முறைவைத்து விளக்கைப் போட்டு அணைத்தால், அது நிற்கும் இடத்தைத் தனித்தனியே குறித்துவிடலாம். 2006-இல் எரிக் பெட்ஸிக் குழுவினர் மூலக்கூறுகளிடம் இதைத்தான் செய்தார்கள். வலுக் குறைந்த லேசரால் இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுப்பி, ஒவ்வொரு மங்கிய வட்டத்தின் நடுவையும் கணக்கிட்டு, ஆயிரக்கணக்கான படங்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். இப்படிச் சில பத்து நானோமீட்டர் வரை துல்லியம் கிடைக்கிறது. 2014-இன் வேதியியல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு உண்டு.

ஒன்றை மறக்காதே: ஒளிர்வது, நாம் தேடும் புரதத்தோடு ஒட்டிவைத்த ஒளிரும் ஒட்டு; அந்தப் புரதம் அல்ல.

பென்னாகரம், ஆசிரியர்: எங்கள் ஊர்த் தண்ணீரில் உள்ள ஃபுளோரைடுக்கும் ஃபுளோரசன்ஸ் எனும் இந்த ஒளிர்வுக்கும் தொடர்பு உண்டா?

பெயரில் மட்டும் உண்டு, ஐயா. ஃபுளோர்ஸ்பார் என்ற கனிமம் ஒளிர்வதை வைத்து 1852-இல் ஸ்டோக்ஸ் இந்தச் சொல்லை உண்டாக்கினார். ஃபுளோரைடின் பெயரும் அந்தக் கனிமத்திலிருந்து வந்ததுதான்.

ஓசூர்: கைபேசியில் லென்ஸ் மாட்டிப் பார்க்கலாமா?

ஒற்றை மூலக்கூறைப் பார்க்க முடியாது. லேசர், வடிகட்டி, நுண்ணிய கேமரா மூன்றும் வேண்டும்.

கிருஷ்ணகிரி, ஆய்வக நுட்பநர்: காசநோய்க்குச் சளி பார்க்கும் எல்இடி நுண்ணோக்கியும் இதே வகைதானா மேடம்?

அடிப்படை ஒன்றுதான். நீல ஒளி பட்டதும் ஆரமின் சாயம் மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்கிறது. அங்கே கிருமி முழுவதும் சாயம் ஏறுகிறது. இங்கே கிருமிக்குள் ஒரே ஒரு வகைப் புரதத்தைத் தேடுகிறோம். கருப்புப் பின்னணியில் குச்சிகளைத் தேடிப் பழகிய உங்கள் கண்ணுக்கு இந்த வேலை எளிதில் வரும்.

காவேரிப்பட்டணம், முதுகலை மாணவர்: பாக்டீரியாவின் குச்சி வடிவத்தைக் காக்கும் எம்ஆர்இபி (MreB) புரதம் செல்லுக்குள் சுருள்வில் போல ஓடுகிறது என்று பாடநூலில் இருக்கிறது. என் படத்திலும் சுருள் தெளிவாகத் தெரிகிறது. அது தவறு என்கிறார்களே, எப்படி?

தம்பி, அந்தச் சுருளை 2001 முதல் உலகமே நம்பியது. 2011-இல் மூன்று குழுக்கள் பார்த்தபோது, அந்தப் புரதம் செல்லின் சுற்றளவில் தனித்தனித் திட்டுகளாக நகர்ந்தது. மறு ஆண்டு, ஈ.கோலையை உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு இயல்பான செல்லில் நீண்ட சுருள் தென்படவே இல்லை. புரதத்தின் முன்முனையில் மஞ்சள் ஒளிர் புரதத்தை ஒட்டிய செல்லில் மட்டுமே அது இருந்தது. எம்ஆர்இபியின் எடை, மூலக்கூறுகளை நிறுக்கும் அலகில், சுமார் 37 கிலோடால்டன். ஒட்டிய பாரம் 27. சந்தூரில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுபவர்களைக் கேளுங்கள். அடிக்கன்று மாறினால் மேலே வளரும் மரத்தின் வீரியமும் மாறும் என்பார்கள்.

அதே மாணவர்: அப்படியானால் எந்த ஒளிர்வுப் படத்தையும் நம்ப முடியாதே!

நம்பலாம், சோதித்த பிறகு. செல்லின் சொந்த மரபணுவை நீக்கிவிட்டு, ஒட்டிய மரபணுவை மட்டும் வைத்து வளருங்கள். செல் தடித்து உருண்டையானால் ஒட்டு புரதத்தைக் கெடுக்கிறது என்று பொருள். ஒட்டை வேறிடத்துக்கு மாற்றியும் பாருங்கள். எம்ஆர்இபியின் நடுவே செருகியபோது சுருள் வரவில்லை. என் முதல் ஆண்டில் செல்லின் முனைகளில் பளிச்சென்று புள்ளிகள் தெரிந்தன. இரண்டு மாதம் அவற்றை அளந்தேன். அளவுக்கு மீறி உற்பத்தியாகித் திரண்ட கட்டிகள் அவை.

அரூர்: ஒட்டே இல்லாமல், செல்லைக் கொன்று எதிர்ப்பொருளால் சாயமிட்டால் போதாதா?

அதையும் செய்யுங்கள். ஆனால் ஃபார்மால்டிஹைடும் சில புரதங்களை இடம் மாற்றும். உயிருள்ள செல்லையும் பதப்படுத்திய செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஊத்தங்கரை: கைபேசி லென்ஸ் போதுமா?

மேலே ஓசூர் நண்பருக்குச் சொன்ன பதில்தான்.

மத்தூர்: ஆக்சிஜன் இல்லாமல் வாழும் குடல் பாக்டீரியாவில் ஜிஎஃப்பி (ஒட்டாகப் பயன்படும் பச்சை ஒளிர் புரதம்) வேலை செய்யுமா?

செய்யாது. அதன் ஒளிரும் பகுதி முதிர ஆக்சிஜன் வேண்டும்.

காவேரிப்பட்டணம், அதே மாணவர்: சரி அக்கா, இந்த வாரமே சோதிக்கிறேன். எதில் தொடங்கட்டும்?

பாக்டீரியா வளர்க்க வழக்கமாக எடுக்கும் எல்பி ஊடகத்தை விடுங்கள். அதிலுள்ள ஈஸ்ட் சாறு தானாகவே ஒளிரும்; அது இல்லாத எம்9 ஊடகத்தை எடுங்கள். கூழ்போல் உறையும் அகரோஸை உருக்கிக் கண்ணாடிச் சில்லின் மேல் ஊற்றி, உறைந்ததும் ஒரு மைக்ரோலிட்டர் செல்லை வையுங்கள். ஈரம் உறிஞ்சப்படும்வரை பொறுத்து, பிறகு மூடுசில்லை வையுங்கள். அவசரப்பட்டால் செல்கள் மிதந்து நழுவும். ஒட்டே இல்லாத செல்லையும் அதே நாளில், அதே லேசர் அளவில் எடுத்து, இரண்டு படங்களையும் எனக்கு அனுப்புங்கள்.