சாம்பாருக்கு எந்த ஊர்?

கேள்வி: பொங்கலிலிருந்து எங்கள் வீட்டில் வெளிநாட்டுச் சரக்குக்குத் தடை போட்டுவிட்டோம். சாக்லேட், ஷாம்பு, பிள்ளைகளின் பென்சில் டப்பா வரை எல்லாம் மாற்றியாயிற்று. சமையலறைக்கும் பூஜை அறைக்கும் அந்தக் கவலையே இல்லை. பருப்பு, பெருங்காயம், ஊதுபத்தி எல்லாம் நம் மண்ணில் விளைந்தவை. நீங்களோ உலக வர்த்தகம், சரக்குக் கப்பல் என்று மூன்று இதழாகப் பக்கத்தை நிரப்புகிறீர்கள். சாம்பார் சாப்பிடுகிறவனுக்கு அதனால் என்ன?
— ஒரு வாசகர், செம்பூர், மும்பை

பதில்: ஷாம்புவும் பென்சில் டப்பாவும் இருக்கட்டும். கவலையே இல்லை என்று எழுதினீர்களே, அந்த இரண்டு அறைகளுக்குள் போவோம்.

முதலில் பெருங்காய டப்பா. பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள், கண்ணாடி தேவைப்படும். என் வீட்டு டப்பாவில் மாவு, கோந்து, பெருங்காயம் என்று இருக்கிறது. அதாவது நாம் பெருங்காயம் என்று கிள்ளிப் போடுவது மாவிலும் கோந்திலும் கலந்த கொஞ்சம் பிசின். அந்தப் பிசின் ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் மலைப்பக்கம் வளரும் ஒரு செடியின் வேரைக் கீறி எடுப்பது. இங்கே மஸ்ஜித் பந்தர் பக்கம் போனால் வியாபாரிகள் வெள்ளைப் பெருங்காயத்தை ‘காபூலி சஃபேத்’ என்பார்கள், பெயரிலேயே ஊர் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 1,200 டன் இப்படி இறங்குகிறது. நம் மண்ணில் முறையாக நட்டது எப்போது தெரியுமா? 2020 அக்டோபரில், ஹிமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில், குவாரிங் என்ற கிராமத்தில். பாலம்பூரில் இருக்கும் அரசு ஆய்வு நிலையத்தார் நட்டார்கள். அந்தச் செடி பிசின் கொடுக்க ஐந்து வருஷம் ஆகும். உங்கள் பாட்டி, அவருடைய பாட்டி எல்லாரும் ரசத்துக்குப் போட்டது அந்நியச் சரக்குதான். ஆசாரம் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

கோந்தின் கதை இன்னும் வேடிக்கை. இது ஒருவகை வேலமரப் பிசின். உலகச் சந்தைக்கு இதை அதிகம் அனுப்பும் நாடு சூடான். 1997-இல் அமெரிக்கா சூடான் மீது வர்த்தகத் தடை போட்டபோது இந்தக் கோந்துக்கு விலக்கு கொடுத்தது. இது இல்லாமல் அங்கே குளிர்பானமும் மிட்டாயும் தயாரிப்பது கஷ்டம். வல்லரசு போட்ட தடையே கோந்துக்கு வழிவிட்டிருக்கிறது, செம்பூர்த் தடை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை.

பூஜை அறையில் அதிக நேரம் நிற்க வேண்டாம். பெங்களூரில் உருட்டிய ஊதுபத்தியானாலும், நடுவிலிருக்கும் மூங்கில் குச்சி பல வருஷங்களாக வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. 2020 ஜூனில் அந்தக் குச்சிக்கு 25 சதவீத வரி போட்ட பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது.

சரி, பருப்புக்கு வருவோம். உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது.

வாஷி மொத்தச் சந்தையில் ஒரு பருப்புத் தரகரிடம் கணக்கு எழுதும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு, திருநெல்வேலிக்காரர். போன மாதம் போயிருந்தபோது, மேஜையில் கிடந்த பழைய நாளிதழ்த் தாள்களில் ஐந்து கைப்பிடித் துவரையைக் கொட்டி வைத்திருந்தார். ஒன்று வெளுப்பு, ஒன்று செம்பழுப்பு, ஒன்று கொஞ்சம் பொடிசு. “சார், இதுல எது நம்ம ஊர்த் தண்ணி குடிச்சதுன்னு சொல்லுங்க பாப்போம்” என்றார். நான் தைரியமாக ஒன்றைக் காட்டினேன். அது டான்சானியா. சந்தையில் துவரைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கேளுங்கள்: லெமன் என்றால் மியான்மார். அருஷா, மட்வாரா இரண்டும் டான்சானியா, அந்நாட்டு ஊர்ப் பெயர்கள்தான் இங்கே வந்து சரக்கின் பெயராகிவிட்டன. கஜ்ரி மொசாம்பிக். மலாவிக்கு மலாவியே பெயர். இந்த மூட்டைகள் நவா ஷேவா போன்ற துறைமுகங்களில் இறங்கி, லாத்தூர், அகோலா, ஜல்காவ் பக்கத்து ஆலைகளுக்குப் போய், தோல் நீங்கி, உடைந்து, மஞ்சளாக வெளியே வரும். மாட்டுங்கா மளிகைக் கடையில் நாம் “லாத்தூர் பருப்பு நல்லா வேகும்” என்று சொல்லி வாங்குகிறோம். உடைத்த ஊர் லாத்தூர் என்பதில் சந்தேகமில்லை. விளைந்த ஊரை ஆலைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

எல்லாமே வெளிச்சரக்கு என்று சொல்லவில்லை. உலகத்திலேயே துவரை அதிகம் விளைவது இங்கேதான், அதிகம் வாங்குவதும் நாம்தான். நம் துவரை தை, மாசியில் களத்துக்கு வரும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் மொசாம்பிக்கில் அறுவடை ஆடி, ஆவணியில். இங்கே தீபாவளிக்குக் கையிருப்பு குறையும் நேரத்தில் அங்கிருந்து கப்பல் வந்து நிற்கும். இதைவிடப் பொருத்தமான ஜாதகம் அமையாது.

அமைந்த ஜாதகத்தை நாம் என்ன செய்தோம்? 2014, 2015 இரண்டு வருஷமும் மழை பொய்த்தது. 2015 தீபாவளிச் சமயத்தில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது உங்கள் வீட்டம்மாவுக்கு நினைவிருக்கும். 2016 ஜூலையில் பிரதமர் மொசாம்பிக் தலைநகர் மாபூட்டோவுக்குப் போனபோது ஒப்பந்தம் ஆயிற்று. முதலில் ஆண்டுக்கு ஒரு லட்சம் டன், படிப்படியாக இரண்டு லட்சம் டன் துவரை வாங்குவோம் என்றோம். அந்நாட்டு விவசாயிகள் நம்பி விதைத்தார்கள். நம்மைப் போல் தினமும் பருப்பு சாப்பிடும் ஜனம் இல்லை அவர்கள். துவரை போடுவது விற்பதற்கு, வாங்க வருவது கிட்டத்தட்ட நாம் மட்டும்தான்.

அதே வருஷம் இங்கே மழை கொட்டியது, துவரையும் கொட்டியது. நம் விவசாயிக்கு அரசு சொன்ன ஆதரவு விலை குவிண்டால் 5,050 ரூபாய், சந்தையில் அதுகூடக் கிடைக்கவில்லை. 2017 ஆகஸ்டில் தில்லி கதவைச் சாத்தியது. தனியார் இறக்குமதி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன்தான் என்று கட்டுப்பாடு. அரசு ஒப்பந்தச் சரக்குக்கு விலக்கு இருந்தது, ஆனாலும் அங்கே விலை சரிந்தது சரிந்ததுதான். கிழக்கு ஆப்பிரிக்காவில் துவரை போட்ட எளிய விவசாயிகள் மூட்டையை வைத்துக்கொண்டு முழித்தார்கள். அவ்வளவையும் அவர்களே சாப்பிட்டுத் தீர்க்க முடியாது. வேறு நாட்டுக்கு விற்கலாம் என்றால் அந்த அளவுக்கு வாங்க யாருமில்லை.

நம் அரசு செய்தது தப்பு என்று நான் எழுத மாட்டேன். ஐயாயிரத்துக்கு விற்க முடியாமல் நின்ற மராத்வாடா விவசாயி இருக்கும்போது கதவைத் திறந்து வைக்க எந்த அரசுக்கும் தைரியம் வராது. ஆனால் விதைக்கச் சொன்னவர்கள் நாம் என்பதையும் மறக்க முடியாது. அப்புறம் 2021 மே மாதம், இங்கே விலை ஏறியதும், அதே கதவு மறுபடி திறந்தது. 2023 கடைசியில் மொசாம்பிக்கின் நகாலா துறைமுகத்தில் ஒரு வணிகத் தகராறில் துவரை தேங்கி நின்றபோது, “ஏன் கப்பல் வரவில்லை” என்று நாம்தான் கடிகாரத்தைப் பார்த்தோம்.

உலக வர்த்தகம் என்றதும் நமக்கு ஒரே படம்தான் மனதில் ஓடுகிறது. கோட்டு போட்ட வெள்ளைக்காரன் தன் சரக்கை நம் தலையில் கட்டுகிறான், நாம் ஏமாறுகிறோம். உங்கள் கடிதத்திலும் அந்தப் படம்தான் தெரிகிறது. துவரையில் கோட்டு போட்டவர்கள் நாம். தில்லியில் ஒரு அறிவிப்பு அச்சானால் மொசாம்பிக்கின் நம்புலா பக்கத்தில் ஒரு குடும்பத்தின் வருமானம் போய்விடும். அவர்களுக்கு நம் பாஷையோ நம் கட்சிகளோ தெரியாது, நம் பருவமழை மட்டும் அத்துப்படியாகிவிட்டது. இங்கே நல்ல மழை என்றால் அவர்களுக்கு வயிற்றில் புளி கரையும். சாம்பார் சாப்பிடுகிறவனுக்கு இதனால் என்ன என்று கேட்டீர்கள். சாம்பார் சாப்பிடுகிறவன்தான் ஐயா இந்தக் கதையில் பெரிய முதலாளி!

சாக்லேட் தடையை நீக்கச் சொல்லவில்லை, பிள்ளைகளின் பல்லுக்கு நல்லது. பருப்பு விஷயத்தில் நான் கேட்பது வேறு. அடுத்த முறை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, வரி, கால நீட்டிப்பு என்று வணிகப் பக்கத்தில் நாலு வரிச் செய்தி வந்தால் தாண்டிப் போகாமல் படியுங்கள். அந்த நாலு வரிக்காகத்தான் நாங்கள் மூன்று இதழ் செலவழித்தோம்.

தடையை முழுசாக நடத்தியே தீருவது என்றால், பருப்புக்காவது ஒரு வழி இருக்கிறது. லாத்தூரில் தெரிந்த விவசாயி இருந்தால் நேரே மூட்டையாக வாங்கிவிடலாம். குவாரிங் பெருங்காயம் செம்பூர்க் கடைக்கு வரும்வரை ரசத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள், பிரசுரிக்கிறேன்.