எக்செல்லில் ஏழு ஊர், கையில் இரண்டே நாள்

கேள்வி: ஜனவரி கடைசியில் ஒரு சனி, ஞாயிறு தரங்கம்பாடி போவதாக இருக்கிறோம். திருச்சியிலிருந்து சொந்தக் காரில். நான், கணவர், பத்து வயது மகன், முழங்கால் வலியோடு இருக்கும் மாமியார் என நான்கு பேர். போகிறதுதான் போகிறோம், நாலு இடம் பார்த்துவிடலாமே என்று ஒரு எக்செல் ஷீட் போட்டேன். சனிக்கிழமை சிதம்பரம், பிச்சாவரம், பூம்புகார், இரவு தரங்கம்பாடியில் தங்கல். ஞாயிறு காலை கோட்டை, அப்புறம் காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி, ராத்திரிக்குள் வீடு. கணவர் அதைப் பார்த்துவிட்டு "இது டூரா, கூரியர் டெலிவரியா?" என்று கேட்கிறார். அவருக்கு ஏசி ரூமும் தூக்கமும் போதும். மாமியாருக்குத் திருக்கடையூர் அபிராமியைப் பார்க்கணும். மகனுக்குக் கடலில் குளிக்கணும், மீன்பிடிப் படகில் ஏறணும். எல்லோரும் சந்தோஷமாகத் திரும்பி வர ஷீட்டில் எதை மாற்றுவது?
- வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரி,

என் ஓட்டு உங்கள் கணவருக்குத்தான். உங்கள் ஷீட்டில் ஏழு ஊர் இருக்கிறது, மாமியார் கேட்ட ஒரே ஊரைக் காணோம். கவனித்தீர்களா?

ஏழில் ஆறை அடித்துவிடுங்கள். தரங்கம்பாடி மட்டும் இருக்கட்டும், திருக்கடையூரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. பெட்ரோல் போட்டு, லீவு எடுத்து, ஒரு சின்ன ஊரைப் பார்க்கவா என்று தோன்றும். ஆனால் மீன்பிடி ஊர்களைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டால் ஷீட் தானாகவே சுருங்கிவிடும். அவை இரண்டு வேளை ஊர்கள். விடியலுக்குச் சற்று முன்னாலிருந்து ஒன்பது மணி வரை ஒரு வேளை, வெயில் தாழ்ந்து நாலு மணியிலிருந்து இருட்டும் வரை இன்னொன்று. நடுவில் ஊரே கண்ணயரும். கரையில் வலை காயும், நாய் படகு நிழலில் படுத்திருக்கும், அவ்வளவுதான். காரில் ஊர் ஊராகப் போகிறவர்கள் எந்த ஊருக்கும் பகல் பதினொன்று, பன்னிரண்டுக்குத்தான் போய்ச் சேருவார்கள். எனக்கும் அது நடந்தது. முதல் முறை தரங்கம்பாடிக்கு ஒரு மே மாதம், மதியம் ஒரு மணிக்குப் போய் இறங்கினேன். கோட்டைத் தரையில் செருப்பைத் தாண்டிச் சுட்டது. இருபது நிமிடத்தில் "பார்த்தாச்சு" என்று கிளம்பிவிட்டேன். இரண்டாவது முறை ராத்திரி தங்கி, விடியற்காலை கரைக்குப் போனபோதுதான் முதல் தடவை நான் ஊரையே பார்க்கவில்லை என்று புரிந்தது.

ஆகவே சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக ஏறக்குறைய 160 கிலோமீட்டர், டிபனுக்கு நிறுத்தினாலும் நாலு, நாலரை மணி நேரம். மயிலாடுதுறையிலிருந்து ஆக்கூர் வழியாகப் போகும் சாலை திருக்கடையூரைத் தொட்டுக்கொண்டுதான் தரங்கம்பாடிக்குப் போகிறது. மாமியாருக்காக ஒரு கிலோமீட்டர்கூடச் சுற்ற வேண்டியதில்லை. காலனைக் காலால் உதைத்த தலம் என்பதால் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் அங்கே ஓயாது, சனி ஞாயிறு என்றால் மாலையும் கழுத்துமாகத் தாத்தா பாட்டிகள் வரிசை கட்டி நிற்பார்கள். பத்து மணிக்குள் உள்ளே போய்விட்டால் நடை சாத்துவதற்குள் நிதானமாகத் தரிசனம் முடியும். அங்கிருந்து தரங்கம்பாடி பத்து கிலோமீட்டர்கூட இல்லை. சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துவிடுங்கள். ஆமாம், படுப்பதும் திட்டத்தில் ஒன்று. உங்கள் கணவரின் பங்கு இது.

தங்குமிடத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், அதாவது தூரத்தில். பழைய கோட்டைப் பகுதிக்குள், கடலுக்கு நடந்து போகும் தொலைவில் அறை கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். வெள்ளைக்காரர் காலத்துக் கலெக்டர் பங்களா ஒன்றைப் புதுப்பித்து விடுதியாக நடத்துகிறார்கள், அது கடலைப் பார்த்தே நிற்கிறது. அறைகள் கொஞ்சம்தான், குடியரசு தின விடுமுறையை ஒட்டிப் போனால் இப்போதே பதிவு செய்வது நல்லது. கிடைக்காவிட்டால் காரைக்காலில் தங்கலாம், பன்னிரண்டு பதினைந்து கிலோமீட்டர்தான். ஆனால் அப்போது ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு எல்லோரையும் எழுப்பிக் காரில் ஏற்ற வேண்டியிருக்கும். அது நடக்குமா நடக்காதா என்பது உங்கள் வீட்டு ரகசியம்.

சனிக்கிழமை நாலு மணிக்கு நேராகக் கோட்டை. உள்ளே இருக்கும் அருங்காட்சியகம் மாலையில் சாத்திவிடுவார்கள், அதனால் தேநீர் அப்புறம். டேன்ஸ்போர்க் என்று பெயர், டென்மார்க்குக்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கியது. இங்கே உங்கள் மகனுக்கு ஒரு கதை சொல்லுங்கள், எனக்கு மிகவும் பிடித்த கதை. டேனிஷ் கப்பல் ஒன்று முன்னதாக வந்து சேர்ந்தது. போர்ச்சுக்கீசியர்கள் அதைத் தாக்கிக் காரைக்கால் பக்கத்தில் மூழ்கடித்துவிட்டார்கள். தப்பிக் கரையேறிய அதன் தலைவன் ரோலண்ட் கிராப்பே எப்படியோ தஞ்சாவூர் அரண்மனை வரை போய் ரகுநாத நாயக்கரிடம் பேசினான். பின்னால் ஓவே கெத்தே என்ற தளபதி மற்ற கப்பல்களோடு வந்தபோது ஒப்பந்தத்துக்கு வழி திறந்திருந்தது. எல்லாம் மிளகுக்காக. நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன் ஏட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்னும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் ரசத்தில் மிதக்கிற அதே மிளகுக்குத்தான் இத்தனை கூத்து என்று சொன்னால் பையன் நிமிர்ந்து உட்காருவான். அருங்காட்சியகத்தில் திமிங்கில எலும்பும் பீரங்கிக் குண்டுகளும் இருக்கின்றன, அவை போதும் அவனுக்கு. பீங்கான் அலமாரி முன்னால் அவனை நிறுத்தி வைக்காதீர்கள். மாமியாரை மாடி ஏற்றவும் வேண்டாம். மடக்கு நாற்காலி ஒன்று காரில் இருந்தால் கடல் பக்கம் காற்றாட உட்கார வைத்துவிடலாம்.

கோட்டை சாத்தியதும் ராஜ வீதி. 1792ஆம் ஆண்டு நுழைவாயிலிலிருந்து கடலை நோக்கி நேராக ஓடும் தெரு, அந்தி வெளிச்சத்தில் நடப்பதற்கென்றே போட்டது போல இருக்கும். வழியில் 1701இல் கட்டிய சீயோன் தேவாலயம், 1718இல் கட்டிய புது எருசலேம் தேவாலயம். இரண்டாவதில்தான் சீகன்பால்கு அடக்கமாகியிருக்கிறார். 1706இல் இங்கே வந்து இறங்கித் தமிழ் கற்றுக்கொண்ட ஜெர்மானியர். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் இந்த ஊரில்தான் அச்சாகி முடிந்தது. முதலில் ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதத்தை விழுங்கின. அப்புறம் சின்ன எழுத்தை இங்கேயே வார்த்தார்கள். காகிதமும் போதாமல் பக்கத்துப் பொறையாறில் ஆலை போட்டார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பெயர். பார்க்க அங்கே ஒன்றுமில்லை, பெயர் மட்டும் மிச்சம். எனக்கு அதுவே பிடிக்கும். தமிழ்ப் பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறவள் அல்லவா.

1845இல் டேனிஷ்காரர்கள் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அதன் பிறகு இது பெரிய துறைமுகமாக இல்லை. தப்பித்தது என்றுதான் சொல்வேன். பெரிய நகரமாக வளர்ந்திருந்தால் அந்தத் தெரு இன்று மிஞ்சியிருக்காது.

இனி முக்கியமான வேலை. சனிக்கிழமை இருட்டுவதற்குள் கரையில் வலை பார்த்துக்கொண்டிருக்கும் யாரிடமாவது, "அண்ணே, காலையில போட்டு எத்தனை மணிக்குக் கரைக்கு வரும்?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். இதை எந்த இணையதளமும் சொல்லாது. காற்று திரும்பினால் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள், அதை அவர்கள் முதல் நாளே வானத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் நல்ல மாதம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலுமாக இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் கட்டியே கிடக்கும். இதைப் படித்துவிட்டுக் கோடை விடுமுறைக்குத் திட்டம் போடும் மற்ற வாசகர்களும் குறித்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தே முக்காலுக்குக் கரையில் இருங்கள். ஜனவரியில் சூரியன் ஆறரைக்குத்தான் எழும்பும், அதற்கு முன்னால் வரும் அந்தச் சாம்பல் வெளிச்சத்தில்தான் எல்லாம் நடக்கும். ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாக வரும், வலையோடு சிக்கிய மீனை உதறி எடுப்பார்கள், கூடையில் கொட்டியதும் ஏலம். வேகமான ஏலம், உங்களுக்குப் பாதி புரியாது. புரியாவிட்டால் பரவாயில்லை, ஓரமாக நில்லுங்கள். அது அவர்கள் அலுவலகம். நம் அலுவலகத்தில் நாலு பேர் வந்து முகத்துக்கு நேரே செல்போனை நீட்டினால் எப்படி இருக்கும்? படம் எடுக்குமுன் கேளுங்கள், குறிப்பாகக் கூடைக்காரப் பெண்களிடம். காய வைத்த வலையை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். "பாடு எப்படி?" என்று கேட்டால் மீன் எவ்வளவு கிடைத்தது என்று சொல்வார்கள், பேச்சு அதிலிருந்து வளரும். சுனாமியை மட்டும் நீங்களாக எடுக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 காலை இந்தக் கரை இழந்தது அதிகம். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகனுக்கு இரண்டு ஏமாற்றங்கள் காத்திருக்கின்றன, வீட்டிலேயே சொல்லி அழைத்துப் போங்கள். கடலில் குளிக்க முடியாது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய கரை, அலையும் இழுவையும் அதிகம், கணுக்கால் நனைய நிற்பதோடு சரி. படகிலும் ஏற முடியாது. ஐந்நூறு ரூபாயைக் காட்டினால் யாராவது ஏற்றிக்கொள்ளக்கூடும், கேட்காதீர்கள். அது ஆள் ஏற்றும் படகு இல்லை, உள்ளே உயிர்க்காப்பு உடை கிடையாது, ஏதாவது ஆனால் கேஸ் அந்தப் படகுக்காரர் தலையில் விழும். படகு ஆசைக்குப் பிச்சாவரம் இருக்கிறது. சிதம்பரத்தோடு சேர்த்து இன்னொரு வார இறுதியில் போய்க்கொள்ளலாம், ஷீட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

கரையில் வேடிக்கை பார்க்கும் நேரத்தில் மாமியார் மாசிலாமணிநாதர் கோயிலில் இருக்கலாம். கோட்டைக்குப் பக்கத்திலேயே, கடலோரத்தில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுப்பியது, முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அவ்வளவு கிட்டத்தில் கடல் இரைய, ஆள் கூட்டமே இல்லாமல் சாமி கும்பிடுவது திருக்கடையூர் நெரிசலுக்குப் பிறகு அவருக்கு வேறு மாதிரி இருக்கும். உங்களுக்கும் ஒரு மணி நேரம் தனியாகக் கிடைக்கும், அதை நான் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தரங்கம்பாடிக் காற்றில் ஓசோன் அதிகம், உடம்புக்கு நல்லது என்று யாராவது உங்களிடம் கட்டாயம் சொல்வார்கள். ஓசோனை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கெடுதல், நல்லவேளையாக அங்கே அடிப்பது உப்பும் கருவாடும் கலந்த வாசனைதான். தைரியமாக இழுத்து விடுங்கள்.

சனிக்கிழமை கோயிலுக்குப் போவதால் அன்று வீட்டில் கவுச்சி கிடையாது என்று நினைக்கிறேன். அதுவும் நல்லதற்குத்தான், ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பசி மிச்சமிருக்கும். வீட்டுக்கும் மீன் வாங்க ஆசைப்பட்டால் ஏலத்தில் கை நுழைக்காதீர்கள், அங்கே கூடையோடுதான் போகும். ஏலம் எடுத்து வந்து கரையிலேயே உட்காரும் பெண்களிடம் வாங்குங்கள். கண் பளிச்சென்று, செவுள் சிவப்பாக இருக்கட்டும். அவர்களே அரிந்து கொடுப்பார்கள், அதற்குத் தனியாகக் கேட்கும் காசைப் பேரம் பேசாதீர்கள். சங்கராவும் கிழங்கானும் குழம்புக்கு ஆகும், திருச்சி வரை தாங்க வேண்டுமென்றால் ஐஸ் நிறையக் கேளுங்கள்.

மதியம் சாப்பிட்டு இரண்டு மணிக்குக் கிளம்பினால் ஏழுக்குள் வீடு, பையன் மறுநாள் பள்ளிக்கூடம் போய்விடுவான். ஐஸ் பெட்டிக்கு அடியில் பழைய பாலிதீன் விரிப்பு ஒன்றை மறக்காமல் போடுங்கள். நான் போடவில்லை. கும்பகோணம் தாண்டும்போது மூடி நகர்ந்து மீன் தண்ணீர் காரின் பாய்க்குள் இறங்கி, மூன்று வாரம் எங்கள் தெருப் பூனைகள் அந்தக் காரைச் சுற்றியே குடியிருந்தன.