சோறும் பயறும் இருக்கும்போது டப்பா பவுடர் எதற்கு?

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டிலேயே தையல் வேலை. மூத்தவனுக்கு நாலு வயது. சின்னவளுக்கு ரெண்டரை, எடை பதினொன்றரை கிலோ. மதியம் சமைக்க அரை மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. ரசம் சோறு, அப்பளத்தோடு முடிந்துவிடுகிறது. இதற்கிடையில் தெரிந்த பெண் ஒருவர், "சின்னதுக்கு வளர்ச்சி குறைவு" என்று சொல்லி, ரெண்டாயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள பவுடர் டப்பாவைக் காட்டியிருக்கிறார். அதை வாங்கலாமா, இல்லை சீக்கிரம் செய்கிற சத்தான சாப்பாடு ஏதாவது உண்டா என்று கேட்கிறார்.

முதலில் பயத்தை விடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி, ரெண்டரை வயதுப் பெண் குழந்தை ஏறக்குறைய 10 கிலோவுக்குக் கீழே இருந்தால்தான் எடைக் குறைவு. உங்கள் மகளின் எடை சரியாகத்தான் இருக்கிறது. டப்பா வேண்டாம்.

ரசம் சோறு தப்பில்லை, அதில் பருப்போ பயறோ முட்டையோ சேராததுதான் குறை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரைப்படி ஒரு நாளைக்கு வேண்டிய புரதம் சின்னவளுக்கு 12 கிராம் சொச்சம், மூத்தவனுக்கு 16 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு சின்னக் கைப்பிடி பருப்பில் 6, 7 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. சோற்றில் இருப்பதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

குக்கர் ஒன்று போதும். ரெண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு பாசிப்பருப்பு, பொடியாக நறுக்கிய கேரட்டோ பரங்கிக்காயோ, நாலு பல் பூண்டு, சீரகம், மஞ்சள்தூள். தண்ணீரைத் தாராளமாக விட்டு நாலு விசில். கழுவி அடுப்பில் ஏற்றப் பத்து நிமிஷம். அப்புறம் நீங்கள் மெஷினில் உட்காரலாம். முருங்கைக்கீரையைச் சேர்த்து விசில் விடாதீர்கள், கசந்துபோகும். மூடியைத் திறந்த பிறகு ஒரு கைப்பிடி கீரையைப் போட்டு ரெண்டு நிமிஷம் கொதிக்க விட்டு, நன்றாக மசித்து நெய் விடுங்கள். இறக்கி, சூடு தணிந்ததும் நாலு சொட்டு எலுமிச்சம்பழச் சாறு. கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் ஒட்ட அந்தச் சாற்றிலுள்ள வைட்டமின் சி உதவுகிறது. கொதிக்கும்போதே பிழிந்தால் அது சூட்டில் குறைந்துபோகும்.

அதற்கும் நேரமில்லாத நாளில் பருப்புப்பொடி, நெய், சோறு, ஒரு அவித்த முட்டை. இட்லி மாவு இருந்தால் கல்தோசையில் முட்டையை உடைத்து ஊற்றுங்கள். ராத்திரி பச்சைப்பயறை ஊறப்போட்டால் காலையில் சோற்றோடு சேர்த்தே வேகவைத்துவிடலாம். மீன் கொடுப்பதானால் விரால். கெண்டையில் சின்ன முள் அதிகம். முழு வேர்க்கடலை மட்டும் ரெண்டு பேருக்கும் வேண்டாம், தொண்டையில் சிக்கும். பொடித்துக் கொடுங்கள்.

மதியம் பிள்ளை சாப்பிடவில்லை என்றால், பதினோரு மணிக்கு என்ன கொடுத்தீர்கள் என்று பாருங்கள். டீயில் தோய்த்த வர்க்கி, பன், பிஸ்கட். நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இதுதான். வயிறும் நிறைந்துவிடும், டீ இரும்புச் சத்தையும் தடுக்கும். ஒரு வாரம் அதை நிறுத்திப் பாருங்கள்.

இனி அந்த டப்பா. அதை விற்கிறவர் உங்கள் பிள்ளையின் வளர்ச்சி அட்டையில் எடைக் கோடு எப்படிப் போகிறது என்று பார்த்தாரா? பார்த்திருக்க மாட்டார். ஒரு டப்பாவுக்கு இத்தனை கமிஷன், அவருக்குக் கீழே ஆள் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் என்பதுதான் இந்த மாதிரி வியாபாரம். டப்பாவின் மேல் ஒட்டிய அட்டையில் பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போட வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்றுக்குள் சர்க்கரையோ மால்டோடெக்ஸ்ட்ரினோ (மாவுச்சத்திலிருந்து எடுக்கிற ஒரு பொடி) இருக்கிறதா என்று பாருங்கள். பார்ப்பது எங்கே, எறும்பு எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள்! ஒரு தாய் படிக்க முடியாத அட்டையை எதற்கு அனுமதிக்கிறார்களோ தெரியவில்லை. 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே உணவுச் சட்டத்தில் கிடையாது. 2024 ஏப்ரலில் இணையக் கடைகள் அந்தப் பெயரை எடுக்க வேண்டும் என்று மத்திய அரசே சொன்னது. டெல்டாவில் தை அறுவடைக்கு முன்பே நெல்லுக்குள் விதைத்துப் பங்குனி, சித்திரையில் எடுக்கிற உளுந்தையும் பயறையும் வியாபாரிக்கு அளந்து கொடுத்துவிட்டு, அந்தக் காசில் டப்பா வாங்குகிற வீடுகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

தனிச் சத்துணவு தேவைப்படுகிற பிள்ளைகளும் உண்டு. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் டப்பா விற்கிறவர்கள் ஒளிந்துகொள்வது இதன் பின்னால்தான். தொடர்ந்து மூன்று மாதம் எடை ஏறாமல் நின்ற பிள்ளை, எடை இறங்குகிற பிள்ளை, ரெண்டு பாதத்திலும் வீக்கம் இருக்கிற பிள்ளை. அப்புறம் கையளவு. இடது கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி அளக்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, பன்னிரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் என்றால் கவலையில்லை. பதினொன்றரைக்குக் கீழே என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நடுவில் இருந்தால் மாதாமாதம் டாக்டர் பார்க்க வேண்டும். இந்தப் பிள்ளைகளுக்கு என்ன உணவு, எத்தனை வேளை என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையிலோ குழந்தை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். தெருவில் டப்பா விற்கிறவர் அல்ல.

அளக்கிற நாடா அங்கன்வாடியில் இருக்கும். எடையும் மாதாமாதம் போடுவார்கள். பதிவேட்டில் எழுதி மூடிவைத்துவிட்டு, கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. அந்த இடைவெளியில்தான் டப்பாக்காரர் நுழைகிறார். நீங்கள் போய், "என் பிள்ளையின் வளர்ச்சி அட்டையைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அப்படியே விசாரியுங்கள்: ரெண்டு வயதுக்கு மேல் ஆறு வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு அங்கே மதியச் சாப்பாடு உண்டு, முட்டையும் உண்டு. ரெண்டு பேருமே போகலாம். தையல் வேலை நெருக்குகிற நாட்களில் மதியச் சமையலே மிச்சம்.