ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்கு மகளை அனுப்பலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

மின்னணு தொடர்பியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், வரும் செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமில் நடக்கும் ஐ.பி.சி. ஒளிபரப்புத் தொழில்நுட்பக் கண்காட்சிக்குச் செல்ல விரும்புவதாகவும், ‘அங்கே போனால் வேலையோடு திரும்பலாம்’ என்று ஒரு முகவர் உறுதி கூறுவதாகவும், அந்தச் செலவுக்கு நகையை அடகு வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இத்துறையில் இரவுப் பணி இருக்குமோ என்ற கவலையையும் எழுதியிருந்தீர்கள். அடகு வைக்க வேண்டாம். அதே சமயம், மகளின் ஆர்வம் நல்ல துறையின் மீதுதான் விழுந்திருக்கிறது. அதைச் சுற்றுலா ஆசை என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

முதலில் அது எப்படிப்பட்ட இடம் என்பதைப் பார்ப்போம். 1967-இல் லண்டனில் ஒரு விடுதியில் தொடங்கி, பின்னர் பிரைட்டன் நகரில் நடந்து, 1992 முதல் ஆம்ஸ்டர்டாமின் ராய் அரங்கில் நடந்துவரும் இந்தக் கண்காட்சிக்கு, அண்மை ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வருகிறார்கள். தொலைக்காட்சி நிறுவனங்களின் தொழில்நுட்பத் தலைவர்கள், செயற்கைக்கோள் சேவை நடத்துவோர், ஸ்டூடியோ கட்டித்தருவோர், கேமராவும் மென்பொருளும் விற்போர் ஆகியோரே அவர்களில் பெரும்பான்மையினர். அவர்கள் வாங்கவும் விற்கவும் வருகிறார்கள். முக்கியமான சந்திப்புகள் பல வாரங்களுக்கு முன்பே நேரம் குறிக்கப்பட்டுவிடும். அரங்குகளில் நிற்பவர்கள் விற்பனையாளர்களும் அந்தப் பொருளை அறிந்த பொறியாளர்களும்தான். ஆள் எடுக்கும் அதிகாரம் அவர்களில் பலருக்கு இல்லை. படிப்பு முடியாத ஒரு மாணவி வேலை கேட்டால், நிறுவனத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்கும்படி சொல்லிப் புன்னகையோடு அனுப்பிவிடுவார்கள்.

முகவர் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்றும் உண்டு. கண்காட்சிக்குச் செல்வோருக்குக் கிடைப்பது, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசா. எந்த 180 நாள்களிலும் 90 நாள்களுக்கு மேல் அதைக் கொண்டு தங்க முடியாது. அதை வைத்து வேலையில் சேரவும் முடியாது. நெதர்லாந்தில் வேலை பார்ப்பதற்கான அனுமதி வேறு. பொதுவாக அங்குள்ள நிறுவனமே முன்வந்து அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான ஷெங்கன் விசாக் கட்டணம் 90 யூரோ; அதனுடன் குறைந்தது 30,000 யூரோவுக்கு ஈடு தரும் பயணக் காப்பீடு வேண்டும் (இது ஈட்டுத்தொகை, நீங்கள் கட்டும் பணம் அல்ல). இந்த அடிப்படைச் செலவுகளை வைத்துக்கொண்டு முகவரின் மொத்தத் தொகையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் எதற்கு எவ்வளவு கேட்கிறார் என்பது அப்போது தெரிந்துவிடும்.

இனி, இந்தத் துறையில் இத்தகைய கண்காட்சிகளுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதற்கு வருகிறேன். 1956 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த அமெரிக்க ஒளிபரப்பாளர் சங்க மாநாட்டில், ஆம்பெக்ஸ் நிறுவனம் தன் வீடியோ நாடாப் பதிவுக் கருவியைக் காட்டியது. அங்கேயே கொள்முதல் ஆணைகள் குவிந்தன. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் சி.பி.எஸ். தொலைக்காட்சி நாடாவில் பதிந்த செய்தியை ஒளிபரப்பிவிட்டது. அரங்கில் இன்று காட்டப்படுவதை இயக்கத் தெரிந்த ஆள்கள் நாளைக்குத் தேவைப்படுவார்கள். ஆகவே மாணவர்கள் இந்தக் கண்காட்சிகளைக் கவனிப்பது எதைப் படிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காகவே இருக்க வேண்டும்.

இன்று அங்கே பேசப்படுவனவற்றுள் தங்கள் மகளின் பாடத்திட்டத்துக்கு மிக நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். நெடுங்காலமாக ஸ்டூடியோக்களில் எஸ்.டி.ஐ. எனப்படும் கேபிள் முறை இருந்துவருகிறது. கேமராவிலிருந்து வரும் ஒரே கேபிளில் படமும் ஒலியும் சேர்ந்தே பயணிக்கும், எச்.டி. தரத்துக்கு நொடிக்கு 1.485 கிகாபிட் என்ற அளவில். 2017-இல் வெளிவரத் தொடங்கிய எஸ்.டி. 2110 (ST 2110) என்ற தரநிலை, கணினி வலையமைப்பின் வழியாகவே இவற்றை அனுப்ப வகைசெய்கிறது. இதில் படம் தனி ஓடையாகவும் ஒலி தனி ஓடையாகவும் வசன வரிகள் போன்ற துணைத் தரவு இன்னொன்றாகவும் பிரிந்து போகும். பிரிந்து போனவை மறுமுனையில் ஒரே கணத்தில் சேர வேண்டுமானால், எல்லாக் கருவிகளும் பி.டி.பி. என்ற நேர ஒத்திசைவு முறையில் ஒரே கடிகாரத்தைப் பின்பற்ற வேண்டும். கருவிகளை இணைக்கும் வலையமைப்புச் சுவிட்ச் ஒன்றில் அதற்கான அமைப்பு தவறியிருந்தால், செய்தி வாசிப்பவரின் உதடு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமும் போகும், அல்லது படம் துள்ளும். கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் கூச்சலிட்டுக்கொண்டிருக்கும்போது, வலையமைப்பில் ஓடுவதைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளின் திரையில் தரவுப் பாக்கெட்டுகளைப் பார்த்துப் பிழை எங்கே என்று கண்டுபிடிப்பவர்தான் இன்று இத்துறை தேடும் பொறியாளர். ஒளிபரப்பு தெரிந்தவர்களுக்கு வலையமைப்பு தெரிவதில்லை, வலையமைப்பு தெரிந்தவர்களுக்கு ஒளிபரப்பின் அவசரம் புரிவதில்லை. இந்த இடைவெளியில்தான் புதியவர்களுக்கு வாய்ப்பு இருக்கிறது என்பது என் கருத்து.

இதற்கு வீட்டிலிருந்தே ஆயத்தமாகலாம். வலையமைப்பு அடிப்படைகளையும் லினக்ஸையும் பழகட்டும். காணொளியை மாற்றவும் அனுப்பவும் உதவும் எஃப்.எஃப்.எம்பெக், ஓ.பி.எஸ். ஸ்டூடியோ மென்பொருள்கள், வயர்ஷார்க் மூன்றும் இலவசம்; இரண்டு மடிக்கணினிகளுக்கிடையே இணையம் வழியே காணொளி அனுப்ப உதவும் எஸ்.ஆர்.டி. முறையில் ஒரு காணொளியை அனுப்பி, தாமதத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து, நடந்ததைக் குறிப்பெழுதி வைத்தால், நேர்முகத் தேர்வில் அந்தக் குறிப்பேடு பேசும். டான்ட்டே ஒலி வலையமைப்புக்கான தொடக்கநிலைச் சான்றிதழையும் இணையத்தில் கட்டணமின்றிப் பெறலாம். ஐ.பி.சி. கண்காட்சியில் பங்கேற்கும் நிறுவனங்களின் பட்டியல் பொதுவில் கிடைக்கிறது. அதிலிருந்து சில பெயர்களை எடுத்து, அவர்கள் என்ன விற்கிறார்கள், எந்தப் பணிக்கு ஆள் கேட்கிறார்கள் என்று அவரே ஓர் அட்டவணை தயாரிக்கட்டும். விமானச் செலவில்லாமல் பாதி ஆம்ஸ்டர்டாமைப் பார்த்த பயன் கிடைக்கும்.

நேரில் பார்க்கத்தான் வேண்டும் என்றால் மும்பையில் பிராட்காஸ்ட் இந்தியா கண்காட்சியும், தில்லியில் ஒளிபரப்புப் பொறியியல் சங்கம் நடத்தும் பி.இ.எஸ். கண்காட்சியும் இருக்கின்றன. ரயிலில் போய்வரலாம். மேலைநாட்டு நிறுவனங்களின் இந்தியக் கிளைகளையும் விற்பனை முகவர்களையும் அங்கே பார்க்கலாம். பயிற்சிப் பணிக்கு யாரை அணுகுவது என்று அவர்களிடம் கேட்பது, ஆம்ஸ்டர்டாமில் கேட்பதைவிடப் பலன் தரும்.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, தொலைக்காட்சி நிலையம் மட்டுமே என்று நினைக்க வேண்டாம். மேகக் கணிமை வழியாகச் சேனல்களை நடத்தித்தரும் அமாகி பெங்களூரில் இருக்கிறது. அமெரிக்கக் கேபிள் தொலைக்காட்சி நிறுவனமான காம்காஸ்டின் பொறியியல் மையம் சென்னையிலேயே இருக்கிறது. மேலும் படிக்க விரும்பினால், புனே திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரியில் ஒலிப்பதிவையும் தொலைக்காட்சிப் பொறியியலையும் இணைத்த படிப்பு உண்டு. இரவுப் பணி பற்றிய தங்கள் கவலை நியாயமானது. ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அறை இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குவது. முறைப்பணி இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மென்பொருள் உருவாக்கம், சோதனைப் பிரிவுகளில் அது குறைவு. இதை மகளிடம் வெளிப்படையாகப் பேசி, அவரே முடிவெடுக்க விடுங்கள்.

ஆம்ஸ்டர்டாம் எங்கும் ஓடிவிடாது. இரண்டு மூன்று ஆண்டு பணி அனுபவத்துக்குப் பின் நிறுவனமே அனுப்பும் வாய்ப்பு வரலாம். ஆய்வில் நாட்டம் இருந்தால், அங்கே நடக்கும் தொழில்நுட்பக் கட்டுரை அமர்வுக்குப் பேராசிரியருடன் சேர்ந்து எழுதிப் பார்க்கலாம். இப்போதைக்கு முகவரிடம் கடவுச்சீட்டைக் கொடுத்திருந்தால், இந்த வாரமே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் கேட்டால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். மும்பைக்குப் போவதானால் கண்காட்சியின் கடைசி நாள் பிற்பகலையும் விட்டுவிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். பெரிய வாடிக்கையாளர்கள் போய்விட்ட அந்த வேளையில்தான் பொறியாளர்களுக்கு ஒரு மாணவியின் கேள்விக்கு நின்று பதில் சொல்ல நேரம் இருக்கும்.