தேய்த்தும் மின்னாத இன்ஜின் கவர்: பாலிஷ் போலியா?

கேள்வி: அப்பா தோட்டத்தில் ஓட்டிய 1970களின் ஹோண்டா சிபி மோட்டார் சைக்கிளைச் சரிசெய்து வருகிறேன். இன்ஜின் கவர் மஞ்சளடித்து, உள்ளே வெள்ளைப் புழு ஊர்ந்ததுபோல் கோடுகள். அலுமினிய பாலிஷ் இரண்டு டியூப் தீர்ந்துவிட்டது, மினுமினுப்பு வரவில்லை. கடைக்காரர் போலிச் சரக்கை விற்றுவிட்டாரா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கடைக்காரரிடம் போவதற்கு முன் தேய்த்த துணியைப் பாருங்கள். துணி கறுத்திருந்தால் பாலிஷ் அலுமினியத்தைத் தொட்டிருக்கிறது. வெளுப்பாகவே இருந்தால் நீங்கள் தேய்த்ததெல்லாம் லேக்கரைத்தான். அக்காலத்து ஜப்பானிய மோட்டார்கள் பலவற்றில் கவரைத் தொழிற்சாலையிலேயே மெருகேற்றி, மேலே நிறமில்லாத லேக்கர் பூசிவிடுவார்கள். அதில் கீறல் விழுந்த இடத்தில் ஈரம் நுழைந்து அடியில் ஓடிய அரிப்புதான் அந்தப் புழுக்கோடு. பத்து டியூப் வாங்கினாலும் லேக்கர் போகாது.

கவரைக் கழற்றித்தான் வேலை செய்ய வேண்டும். கிளட்ச் பக்கத்துக் கவர் என்றால் எண்ணெயை முதலில் வடித்துவிடுங்கள். கவருக்கு அடியில் எண்ணெய் கசியாமல் வைக்கும் கேஸ்கெட்டும் புதிதாகக் கையில் இருக்கட்டும், பழையது பெரும்பாலும் கிழிந்துதான் வரும். ஸ்க்ரூக்கள் பார்க்க நம் ஸ்டார் ஸ்க்ரூ மாதிரியே இருக்கும், ஆனால் ஜப்பானிய அளவு. சாதாரண ஸ்க்ரூ டிரைவர் தலையைத் தின்றுவிடும். சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பேக்ட் டிரைவர் வாங்குங்கள். ஸ்க்ரூ ஒவ்வொன்றும் ஒரு நீளம், அட்டையில் கவரின் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள்.

சாயக்கடையில் கிடைக்கும் பெயிண்ட் ரிமூவரைக் கெட்டியாகப் பூசிக் கால்மணி நேரம் விட்டு, பிளாஸ்டிக் துண்டால் சுரண்டுங்கள். காற்றோட்டமான இடம், ரப்பர் கையுறை, கண்ணாடி அவசியம். இரண்டாம் முறையும் பூச வேண்டிவரலாம். அதற்கும் அசையாமல், துணியும் கறுக்காமல் இருந்தால் அது அனோடைஸ் செய்த, அதாவது மின்முறையில் கடினமான ஆக்சைடு படலம் ஏற்றிய பாகம். சோப்புத் தண்ணீரில் கழுவி அப்படியே விட்டுவிடுங்கள்.

பிறகு மணல்தாள். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். எண் கூடக் கூடத் தாள் மென்மையாகும். ஆழக் கீறல் இருந்தால் மட்டும் 240, இல்லையென்றால் 400இல் தொடங்கி 600, 800, 1000, 1500. தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு நனைத்தபடியே தேய்க்க வேண்டும். தாளை மாற்றும்போது திசையையும் குறுக்காக மாற்றுங்கள். முந்தைய தாளின் கோடு ஒன்றுகூட மிஞ்சாதபோதுதான் அடுத்த எண். பாலிஷ் போட்ட பிறகும் பனிபடர்ந்ததுபோல் மங்கலாகத் தெரிந்தால், நடுவில் ஓர் எண்ணைத் தாண்டியிருக்கிறீர்கள். விரலால் அழுத்தினால் பரப்பு அலை அலையாகும், பழைய சிலிப்பரை வெட்டித் தாளுக்குள் வையுங்கள். இரண்டு கவருக்கு எண்ணுக்கு இரண்டு தாள் போதும்.

இப்போது நிலக்கடலை அளவு பாலிஷ் எடுத்து, கறுக்கும் வரை தேய்த்து, காய்வதற்குள் சுத்தமான பருத்தித் துணியால் துடையுங்கள். கையில் இருக்கும் அதே பாலிஷ் வேலை செய்யும்.

உர மூட்டை ஏற்றிய மோட்டாரா? செம்பனைக்குப் போடும் பொட்டாஷில் குளோரைடு உண்டு. அது அலுமினியத்தில் ஊசிக்குழிகளைத் தோண்டும். குழி மறையும் வரை தேய்க்காதீர்கள். அச்சில் வார்த்த கவரின் மேல்தோல் போனால் அடியில் இன்னும் குழிகள்தான் வெளிப்படும். கேஸ்கெட் உட்காரும் முகத்தில் மணல்தாள் பட்டால் எண்ணெய் கசியும். கிராங்க் கேஸில் (இன்ஜினின் அடிப்பெட்டியில்) பொறித்த இன்ஜின் எண்ணிலோ படவே கூடாது, ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவோடு ஒப்பிட அதுதான் ஆதாரம்.

கேள்வி: காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தால் ஒரே மணியில் வெளுக்கும் என்கிறார்கள். இன்னொருவர் ரப்பர் பால் உறையவைக்கும் ஆசிட்டைச் சொல்கிறார்.

பதில்: இரண்டும் வேண்டாம். காஸ்டிக் சோடா அலுமினியத்தையே கரைக்கும். வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். வார்ப்பு அலுமினியத்தில் கலந்துள்ள சிலிக்கன் கரையாமல் கரிபோல் மேலே படிந்து நிற்கும். பால் ஆசிட் ஃபார்மிக் ஆசிட். அது தோலைச் சுடும், உலோகத்தை மங்கவைக்கும். இரும்பு நார், இரும்புக் கம்பி பிரஷ்ஷும் வேண்டாம், அவற்றின் துகள் அலுமினியத்தில் புதைந்து பிறகு துருப்புள்ளியாகும். இடுக்குகளுக்குப் பித்தளை பிரஷ்.

கேள்வி: ஒரு பட்டறையில் கிராங்க் கேஸைச் சுத்தமாக்கக் காற்றழுத்தத்தில் மணலடிக்கக் கொடுத்தேன். பூட்டி ஓட்டியதும் சில நாளில் பேரிங் சத்தம். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: மணல் எண்ணெய் வழிகளிலும் மரையிலும் ஒளிந்துகொண்டு, பிறகு எண்ணெயோடு பேரிங்குக்குள் போகும். துளைகளை அடைக்காமல் அடித்திருந்தாலோ கழுவாமல் கொடுத்திருந்தாலோ அது தேவையான கவனத்தோடு செய்த வேலை அல்ல. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சேவை தருபவரிடம் அந்தக் கவனத்தை எதிர்பார்க்கிறது. ஆனால் இன்ஜினைப் பூட்டியது யார், பூட்டும் முன் கழுவினார்களா என்றும் கேட்பார்கள். அதனால் வடித்த எண்ணெயைப் போத்தலில் பிடித்து வையுங்கள். ரசீது, படங்கள், வேறு பட்டறை எழுதித் தரும் அறிக்கை ஆகியவற்றையும் சேருங்கள். முதலில் பட்டறைக்கு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம். கட்டணம் 5 வெள்ளி, வரம்பு 50,000 வெள்ளி, பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். லயத்துப் பையன் சும்மா செய்துகொடுத்த உதவியென்றால் இந்த வழி உதவாது.

கேள்வி: மெருகேற்றிய பிறகு மறுபடியும் லேக்கர் அடிக்கலாமா?

பதில்: இன்ஜின் கவருக்கு வேண்டாம். சூட்டில் மஞ்சளாகும், ஒரு கல் பட்டால் பழையபடி புழுக்கோடு ஓடும். கார்னாபா என்ற பனை இலை மெழுகைப் பூசுங்கள். நம் மழையில் மாதம் ஒருமுறை பூச வேண்டியிருக்கும்.